பேரேட்டில் நம் பெயர்

பன்னிரண்டு எழுத்துகள், ஒரே வரிசையில். பதினொன்று ‘ஏ’, ஒன்று ‘பி’. லிட்டில் இந்தியாவில் டன்லப் தெருத் தேநீர்க் கடையொன்றில் உட்கார்ந்து என் கடன் அறிக்கையை முதன்முறையாகக் கைபேசியில் திறந்தபோது, கண் போய் நின்றது அந்த ஒற்றைப் ‘பி’யில்தான்.

அறிக்கையை வெளியிடுவது கிரெடிட் பீரோ சிங்கப்பூர் என்ற நிலையம். நம் பெயரில் உள்ள ஒவ்வொரு கடன் கணக்குக்கும் எதிரே, கடந்த 12 மாதங்களுக்கு மாதம் ஓர் எழுத்து வீதம் அதில் இருக்கும். ‘ஏ’ என்றால் பாக்கி இல்லை, இருந்தாலும் 30 நாளைத் தாண்டவில்லை. ‘பி’ என்றால் 30 முதல் 59 நாள் பாக்கி. ‘சி’ 60 முதல் 89 நாள். ‘டி’ 90 நாளும் அதற்கு மேலும்.

என் ‘பி’ எங்கிருந்து வந்தது என்று தேடினேன். எப்போதோ ஒரு கடைத்தொகுதியில், பயணப்பெட்டி இலவசம் என்று சொல்லித் தலையில் கட்டிய கடன்பற்று அட்டை. அதை வைத்து ஒரு காப்பிகூட வாங்கியதில்லை. ஆண்டுக் கட்டணம் ஏறியிருக்கிறது, பில் என் பழைய வீட்டு முகவரிக்குப் போயிருக்கிறது. தொகை 200 வெள்ளியைத் தொடவில்லை. வங்கியை அழைத்தேன். கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். எழுத்து மட்டும் அப்படியே நின்றது. பத்து ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல் கட்டிவந்த வாடகை அந்த அறிக்கையில் எங்கும் இல்லை. மின்கட்டணம் இல்லை. ஊரில் தங்கை கல்யாணத்துக்கு வாங்கி, சொன்ன நாளுக்கு முன்பே திருப்பிக் கொடுத்த கைமாற்று இல்லை.

நம்மைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிந்த ஓர் ஏடு, நம் வீட்டுக் கடனையும் அதன் வட்டியையும் முடிவுசெய்யும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஏட்டின் இயல்பைப் புரிந்துகொள்ளாமல், அது தரும் கடன் மதிப்பெண்ணை உயர்த்தும் வழி கேட்பதில் பயனில்லை என்பதே என் எண்ணம்.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்தான். நாணயம். ‘நாணயமான ஆள்’ என்று ஊரில் சொன்னால் கையில் பணம் உள்ளவர் என்று யாரும் பொருள்கொள்வதில்லை. வாங்கினால் தருபவர், சொன்ன தேதியில் தருபவர். சிங்கப்பூரின் வங்கிகளையெல்லாம் மேற்பார்வை செய்யும் அமைப்புக்குத் தமிழில் ‘சிங்கப்பூர் நாணய ஆணையம்’ என்று பெயர். அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டாவது பொருள்தான் முதலில் மனத்தில் வருகிறது.

இந்த நகரத்தில் ஒருவரின் நாணயத்தை எடைபோட்டு ஏட்டில் எழுதிவைத்த முன்னோடிகளில் நம்மவர்களும் உண்டு. 1819இல் ராஃபிள்ஸ் வந்திறங்கிய சில ஆண்டுகளிலேயே நாட்டுக்கோட்டை நகரத்தார் இங்கே தொழில் தொடங்கிவிட்டார்கள். ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்த மார்க்கெட் ஸ்திரீட், தமிழர் வாயில் ‘செட்டித் தெரு’ ஆனது. 1859இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயில் எழுந்தது. தொழில் நடந்த இடம் கிட்டங்கி. நீளமான கூடம், சுவரோரமாக வரிசையாக மரப்பெட்டிகள், முன்னால் விரித்த பாய், சாய்வான எழுத்துப் பலகை, பின்னால் இரும்புப் பெட்டி. ஒரே கூடத்தில் பல வட்டிக்கடைகள். பகலில் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் படுக்கை. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், எல்லோருக்கும் கீழே பெட்டியடிப் பையன். அந்தப் பையன் தொழில் படித்ததே பெட்டிக்கு முன்னால் வந்து உட்காருபவரின் முகத்தைப் படித்துத்தான்.

பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் சீன வணிகர் உண்டு, ரப்பர் தோட்டக்காரர் உண்டு, அரசாங்கக் குமாஸ்தா உண்டு. ஐரோப்பிய வங்கிகள் படியேற்றாத சிறு வியாபாரிகளுக்கு அந்தப் பாய்தான் வங்கி. கடன் புரோநோட்டின் மேல் போகும், நிலப்பத்திரத்தின் மேல் போகும், சில சமயம் ஆளின் மேலேயே போகும். யார் தவணை தவறினார்கள் என்பது ஒரு கூடத்துக்குள் ஒரு பகலுக்குமேல் இரகசியமாக இருக்காது. அடுத்த பெட்டிக்காரரின் காது இரண்டடி தள்ளித்தானே இருக்கிறது! ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் நகரத்தார் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்ததை 1929–30இன் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு பதிவுசெய்திருக்கிறது. வட்டியைச் சேர்ந்து முடிவுசெய்த சமூகம், ஆட்களைப் பற்றிய தகவலையும் சேர்ந்தே வைத்திருந்தது. கடன் தகவல் நிலையம் என்று இன்று நாம் அழைப்பதன் வேலையை அந்தக் கூடம் வாய்வழியாகச் செய்துகொண்டிருந்தது.

அதை நினைத்து ஏங்குவதற்கு எனக்கு மனமில்லை. முகம் பார்த்துக் கொடுக்கும் கடனில் முகத்தோடு சேர்ந்து சாதியும் பார்க்கப்படும், ஊரும் பார்க்கப்படும், யாருடைய மகன் என்பதும் பார்க்கப்படும். பரிந்துரைக்க ஆளில்லாதவன் வாசலிலேயே நின்றான். பெண்கள் தம் பெயரில் ஏட்டில் ஏறியது அரிது. இன்றைய மதிப்பெண்ணில் இனத்துக்கு இடமில்லை, சம்பளத்துக்கு இடமில்லை, அப்பாவின் பெயருக்கு இடமில்லை. அந்த வகையில் அது பழைய பேரேட்டைவிட நேர்மையானது. ஆனால் கிட்டங்கியில் இருந்த ஒன்று இதில் இல்லை. ‘ஏன் கட்டவில்லை?’ என்று அது கேட்பதில்லை.

நகரச் சீரமைப்பில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் போயின. அந்த வட்டாரம் முழுவதும் இன்று அலுவலகக் கோபுரங்கள். இப்போதைய பேரேட்டின் வேர் வேறொரு நாட்டில் இருக்கிறது. 1841இல் நியூயார்க்கில் லூயிஸ் டாப்பன் என்ற வணிகர், ஊர்தோறும் ஆட்களை வைத்துக் கடைக்காரர்களின் நாணயத்தைப் பற்றிக் கடிதம் எழுதி அனுப்பச் செய்தார். யார் குடிப்பவர், யார் கடையை நன்றாக நடத்துகிறார் என்ற ஊர்ப்பேச்சு, பெரிய பெரிய ஏடுகளில் ஏறி, காசு கொடுத்தவர்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அந்த நிறுவனத்தின் வழித்தோன்றல்தான் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட். ஊர்ப்பேச்சு நீங்கி எண் மட்டும் மிஞ்சியது பிற்பாடுதான். அமெரிக்காவில் ஃபைகோ மதிப்பெண் பொதுப் புழக்கத்துக்கு வந்தது 1989இல். சிங்கப்பூரில் வங்கிகள் சங்கத்தின் கூட்டு முயற்சியாகக் கிரெடிட் பீரோ சிங்கப்பூர் தொடங்கியது 2002இல். இத்தகைய நிலையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கி, நம் அறிக்கையைப் பார்க்கவும் பிழை திருத்தக் கோரவும் நமக்கு உரிமை தந்த சட்டம் 2016இல் நிறைவேறி 2021 மே 31இல் நடப்புக்கு வந்தது.

இனி எண்ணுக்கு வருவோம். மதிப்பெண் 1000இல் தொடங்கி 2000இல் முடிகிறது. அதை எட்டுத் தரமாகப் பிரித்திருக்கிறார்கள். உச்சியில் ‘ஏஏ’, 1911 முதல் 2000 வரை. அடியில் ‘எச்எச்’, 1000 முதல் 1723 வரை. நடுவில் உள்ள படிகளின் அகலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ‘சிசி’ தரத்துக்கு 1825 முதல் 1843 வரை, 19 புள்ளி. ‘டிடி’க்கு 1813 முதல் 1824 வரை, வெறும் 12 புள்ளி. மேலேயுள்ள ஏழு தரங்களும் சேர்ந்து 277 புள்ளிக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன, ‘எச்எச்’ மட்டும் 724 புள்ளியை அடைத்துக்கொண்டிருக்கிறது. படிகள் இவ்வளவு குறுகலாக இருப்பதால் ஒரு சின்ன வழுக்கல் ஒரு தரத்தையே கீழே இறக்கிவிடும்.

அந்த எண் சொல்வது ஒரே ஒரு விஷயம். அடுத்த 12 மாதத்தில் இவர் கடனைக் கட்டாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு? ‘ஏஏ’ என்றால் 0.27 விழுக்காட்டுக்கு மேல் இல்லை, ஆயிரத்தில் மூவருக்கும் குறைவு. ‘எச்எச்’ தொடங்குவது 3.46 விழுக்காட்டில். அந்த விளிம்பில் நிற்பவர்களிலும் நூற்றில் 96 பேர் கட்டிவிடுவார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. தரம் குறைந்தவரை ஏமாற்றுக்காரராகப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

எண்ணைக் கட்டும் பொருள்கள் ஆறு என்று நிலையமே சொல்கிறது. கையில் உள்ள கடன் வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள், அண்மையில் புதிதாக வாங்கிய கடன், தவணை தவறிய விவரம், கணக்குகளின் வயது, இன்னும் எடுக்கக்கூடிய கடன் அளவு, உங்களைப் பற்றி வங்கிகள் எத்தனை முறை விசாரித்தன என்பது. கடைசியாகச் சொன்னது பலருக்குத் தெரியாது. வட்டி எங்கே குறைவு என்று பார்க்க ஒரே வாரத்தில் நான்கு வங்கிகளில் மனுப் போட்டால், நான்கு விசாரணையும் பதிவாகும். கேட்டவருக்கு அது சிக்கனம். ஏட்டுக்கு அது பணத்துக்கு அலையும் ஆளின் அடையாளம். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது.

‘ஏ’ என்ற எழுத்து எல்லா நேரமும் நல்ல செய்தி சொல்லிவிடாது. கடன்பற்று அட்டையில் 5,000 வெள்ளி பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அட்டை வட்டி ஆண்டுக்கு 26 முதல் 28 விழுக்காடு. 27 என்றே கணக்கிட்டால் மாத வட்டி 112.50 வெள்ளி. வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகை 3 விழுக்காடு, அதாவது 150 வெள்ளி. அதைக் கட்டிவிட்டால் அந்த மாதத்துக்கு ‘ஏ’ விழும். அசலில் குறைந்தது 37.50 வெள்ளி. அதே மாதம் அட்டையில் மளிகை வாங்கினால் அதுவும் போயிற்று. ஆண்டு முழுவதும் பன்னிரண்டு ‘ஏ’ வாங்கிக்கொண்டே ஒருவர் கழுத்தளவு கடனில் நிற்க முடியும். எழுத்து அழகாக இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போது, வரம்பை முட்டி நிற்கும் பாக்கி எண்ணைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும்.

நாணய ஆணையம் இதற்குச் சில வேலிகள் போட்டிருக்கிறது. பிணையில்லாக் கடன்களின் மொத்தப் பாக்கி ஓராண்டு வருமானத்தைத் தாண்டித் தொடர்ந்து மூன்று மாதம் நின்றால், புதிய கடன் கிடைக்காது. 2015இல் இரண்டு ஆண்டு வருமானம் என்று தொடங்கிய இந்த வரம்பு, படிப்படியாக இறங்கி 2019 ஜூனில் ஓராண்டுக்கு வந்தது. 60 நாளுக்குமேல் பாக்கி வைத்தாலும் கதவு மூடும். வீடு வாங்குபவரின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது 2021 டிசம்பர் முதல் விதி. இவை நல்ல வேலிகள். ஆனால் வங்கி வாசலுக்கு வருபவர்களுக்கு மட்டுமே அவை காவல்.

சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்து பாருங்கள். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு இந்த மதிப்பெண்ணே கிடையாது. ஊரில் சிபில் மதிப்பெண் 780 வைத்திருந்த மென்பொறியாளர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் அந்த 780 செல்லாக்காசு ஆகிவிடுகிறது. இந்தியாவின் 300 முதல் 900 வரையிலான அளவுகோலும் இங்கேயுள்ள அளவுகோலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. போதிய தகவல் இல்லாதவருக்கு எண்ணுக்குப் பதில் ‘சிஎக்ஸ்’ போன்ற குறியீடு வரும். அவராவது ஓர் அட்டை வாங்கி ஓராண்டில் பெயர் எடுத்துவிடலாம். அட்டைக்குக் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 30,000 வெள்ளி. வேலை அனுமதிச்சீட்டில் கட்டுமானத் தளத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்தவருக்கு அந்த வாசலும் இல்லை. அவருடைய கடன் ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தில் தொடங்குகிறது. அம்மாவின் சங்கிலி, அப்பாவின் காணி, தெருக்கோடி வட்டிக்காரர். அது எந்த நாட்டு நிலையத்தின் ஏட்டிலும் இல்லாத கடன்.

தேக்கா பக்கத்தில் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் கைபேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: பத்து நிமிடத்தில் 500 வெள்ளி, ஆவணம் வேண்டாம்.

“அண்ணே, பெர்மிட் படமும் ஏடிஎம் கார்டும் குடுத்தா போதும்னு சொல்றாங்கண்ணே. அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு.”

“தம்பி, மெசேஜ்ல வர்றவன் யாருமே லைசென்ஸ் வச்சிருக்கவன் இல்ல. கார்டை மட்டும் குடுத்துடாத.”

என் பதிலுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. உரிமம் பெற்ற கடன்கொடுப்பவர் குறுஞ்செய்தியிலோ தொலைபேசியிலோ ஆள்பிடிக்க இந்த நாட்டில் அனுமதி இல்லை. நேரில் தன் கடைக்கு வரச்சொல்லி, ஒப்பந்தத்தைப் புரியும்படி விளக்கிய பிறகே பணம் தரலாம். அடையாள அட்டையையோ ஏடிஎம் அட்டையையோ பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது. செய்தியில் வருபவர் கடன்முதலை. அவரிடம் போன ஏடிஎம் அட்டை வழியாக வேறொருவரின் கந்துவட்டிப் பணம் ஓடினால், அட்டைக்காரரே அந்தத் தொழிலுக்குத் துணைபோனார் என்று சட்டம் அனுமானிக்கும். துணைபோனதற்குத் தண்டனை முதல் குற்றத்திலேயே 30,000 முதல் 300,000 வெள்ளி வரை அபராதம், நான்காண்டு வரை சிறை, ஆறு வரை பிரம்படி. 500 வெள்ளிக்குக் கைநீட்டியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

உரிமம் பெற்றவரிடமே போனாலும் கணக்கைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 2015 அக்டோபர் முதல் வட்டி மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. பதிவுக் கட்டணம் 10 விழுக்காடு, தாமதக் கட்டணம் மாதம் 60 வெள்ளி. எல்லாம் சேர்ந்தாலும் அசலுக்கு மேல் வாங்க முடியாது. ஆண்டு வருமானம் 10,000 வெள்ளிக்குள் உள்ள வெளிநாட்டவர், எல்லாக் கடைகளிலும் சேர்த்து வாங்கக்கூடியது 500 வெள்ளிதான். அந்த 500இல் பதிவுக் கட்டணம் 50 போக, கைக்கு வருவது 450. ஒரு மாதத்தில் கட்டுவதாக ஒப்புக்கொண்டு கட்டாமல் விட்டால், பிறகு மாதம் 20 வெள்ளி வட்டியும் 60 வெள்ளி தாமதக் கட்டணமும் ஏறும். ஏழாம் மாதத்துக்குள், முன்பே கழித்த 50ஐயும் சேர்த்து, வட்டியும் கட்டணமுமே 500ஐத் தொட்டுவிடும். 450 கையில் வாங்கியவர் 950 கட்ட வேண்டும். வட்டிக்கு உச்சவரம்பு வைத்த சட்டம், சின்னக் கடனில் 60 வெள்ளித் தாமதக் கட்டணம் என்ன செய்யும் என்பதைப் போதிய அளவு யோசிக்கவில்லை. கடன் தொகைக்கு ஏற்ப அதுவும் இறங்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இந்தக் கடன்களுக்கு 2016 முதல் தனியாக ஒரு தகவல் நிலையம் இருக்கிறது. தன் கை தனக்கு அடங்காது என்று உணர்பவர், ‘எனக்குக் கடன் தராதீர்கள்’ என்று தானே முன்வந்து அங்கே பதிந்துகொள்ளலாம். நல்ல ஏற்பாடு, தெரிந்தவர்கள்தான் குறைவு.

அடகுக்கடை இன்னொரு உலகம். நகையே பிணை என்பதால் அங்கே யாரும் மதிப்பெண் கேட்பதில்லை, அங்கே வாங்கியது மதிப்பெண்ணில் ஏறுவதும் இல்லை. சட்டப்படி வட்டி மாதம் ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் இல்லை, மீட்க ஆறு மாதமாவது அவகாசம் உண்டு. ஆயிரம் வெள்ளிக்கு ஒரு மாத வட்டியை ஒப்பிட்டுப் பாருங்கள். அடகுக்கடையில் 15 வெள்ளி. கடன்பற்று அட்டையில் சுமார் 22. உரிமம் பெற்ற கடன்கொடுப்பவரிடம் 40. வளையலை மூன்று மாதம் வைத்து மீட்பது அவமானம் என்று நினைத்து, அட்டையில் மூன்றாண்டு இழுத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நம் பாட்டிமார்களின் கணக்குச் சரியாகவே இருந்திருக்கிறது.

கூட்டுச் சீட்டும் அப்படி ஏட்டுக்கு வெளியே ஓடியதுதான். மலாய்க்காரர்களும் ‘குத்து’ என்று அதைச் சொல்லுமளவுக்கு நம் சொல் இந்த மண்ணில் ஊறியது. மலேசியா 1971இல் அதைத் தடைசெய்த சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ இருக்கிறது. சிங்கப்பூர் அதே ஆண்டில் சீட்டு நிதிச் சட்டம் கொண்டுவந்து, உரிமம் பெற்ற நிறுவனம் தவிர வேறு யாரும் அந்தத் தொழிலை நடத்தக் கூடாது என்றது. இருபது மாதம் தவறாமல் சீட்டுக் கட்டிய ஒரு பெண்ணின் ஒழுங்கு எந்தத் தரத்துக்கும் குறைந்ததில்லை. அதைப் படிக்க இந்த ஏட்டுக்குக் கண் இல்லை.

ஆகவே, அதற்குத் தெரிகிற மொழியில்தான் நாம் எழுத வேண்டியிருக்கிறது. அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓர் அட்டை போதும். பேருந்துக் கட்டணமோ மாதாந்தர மளிகையோ அதில் ஓடட்டும். முழுத் தொகையும் ஜைரோ வழியாகத் தானே கழியும்படி செய்துவிடுங்கள். தேதியை நினைவில் வைக்கும் வேலையை மனத்திடம் விடாதீர்கள், வேலை மாற்றமும் வீட்டில் ஒரு மரணமும் வந்தால் மனம் எதையும் வைத்திருக்காது. வீடு மாறினால் முகவரி மாற்ற வேண்டிய பட்டியலில் வங்கியின் பெயரை முதலில் எழுதுங்கள். என் ‘பி’ எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. பயன்படுத்தாத அட்டைகளை மூடிவிடலாம், ஆனால் மிகப் பழைய கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், அதன் வயது உங்களுக்குச் சாதகம். வீட்டுக் கடனுக்கு மனுப் போடும் எண்ணம் இருந்தால் அதற்கு முந்தைய மாதங்களில் வேறெங்கும் புதுக் கடன் கேட்காதீர்கள். காசு கொடுத்தால் மதிப்பெண்ணை ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். தவறான பதிவு இருந்தால் நிலையத்திடம் நீங்களே முறையிடலாம், சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

காலம் மட்டுமே அழிக்கும். மாத எழுத்துகள் 12 மாதத்தில் உருண்டு போய்விடும். வங்கிகளின் விசாரணை இரண்டாண்டு நிற்கும். வாராக்கடன் என்று எழுதப்பட்டதைக் கட்டித் தீர்த்தால் அதிலிருந்து மூன்றாண்டு. திவாலாகி விடுபட்டவருக்கு விடுபட்ட நாளிலிருந்து ஐந்தாண்டு. கட்டாத வாராக்கடன் மட்டும் தீர்க்கும்வரை நிற்கும். அதனால்தான், ‘இவ்வளவு கெட்டுப்போன பிறகு கட்டி என்ன ஆகப்போகிறது’ என்று கைவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. கடிகாரம் ஓட ஆரம்பிப்பதே கட்டிய நாளிலிருந்துதான்.

முழுகிப்போய்விட்டோம் என்று தோன்றுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம், பல வங்கிகளின் பாக்கியை ஒரே திட்டத்தில் கொண்டுவந்து, தாங்கக்கூடிய தவணையாக மாற்ற வங்கிகளோடு பேசுகிறது. கடன் 150,000 வெள்ளிக்கு உட்பட்டு, நிலையான வருமானமும் இருந்தால், திவாலாகாமலேயே ஐந்தாண்டுக்குள் திருப்பிக் கட்டும் அரசாங்கத் திட்டம் ஒன்றும் 2009 முதல் இருக்கிறது. நம் வீடுகளில் கடனைப் பற்றி வெளியே பேசுவதைப் பெரும் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறோம். மனைவிக்குத் தெரியாமல் கணவரும், பிள்ளைகளுக்குத் தெரியாமல் பெற்றோரும் வட்டி கட்டுகிறார்கள். கடன்முதலையின் ஆட்கள் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிய அன்றுதான் குடும்பத்துக்கே விஷயம் தெரியவருகிறது. அந்த மௌனத்துக்குக் கட்டும் வட்டிதான் எல்லா வட்டியிலும் கொடியது.

இரண்டு கோரிக்கைகளை இங்கே பதிய விரும்புகிறேன். இந்தியாவில் 2017 முதல் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். இங்கே புதிய கடனுக்கு மனுப் போட்டு முடிவு வந்த 30 நாளுக்குள் கேட்டால் இலவசம், மற்ற நேரத்தில் கட்டணம். தொகை பத்து வெள்ளிக்கும் குறைவுதான் என்றாலும், நம்மைப் பற்றி நம்மிடமிருந்து திரட்டிய தகவலை ஆண்டுக்கு ஒருமுறையாவது நமக்கு இலவசமாகக் காட்டுவதே முறை. அடுத்தது மொழி. என் அறிக்கையும் அதன் விளக்கமும் ஆங்கிலத்தில் வந்தன. நான்கு அதிகாரத்துவ மொழிகள் கொண்ட நாட்டில், அந்த எட்டுத் தரங்களையும் நான்கு எழுத்துகளையும் தமிழில் ஒரு பக்கத்தில் விளக்கிவிடலாம்.

அது வரும்வரை இந்த வேலை நம்முடையது. உங்களிடம் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளக் கணக்கு இருந்தால் இந்த வாரமே உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பார்த்து முடித்ததும், ஆங்கிலம் படிக்கத் தயங்கும் அப்பாவின், அத்தையின், பக்கத்து வீட்டு அண்ணனின் அருகில் உட்கார்ந்து, அவர்களுடையதையும் எடுக்கச் செய்து, அந்தப் பன்னிரண்டு எழுத்துகளையும் விரல்வைத்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லுங்கள்.